விடுதி மாணவிகளிடம் ஆய்வு: வார்டன் கையெழுத்து போதுமா?

வைகைக்கரை | 3 ஜூன் 2025, இரவு 9:40

சமூகப்பணியில் பிஎச்டி. அரசு மாணவியர் விடுதிகளில் ரத்தசோகையும் மனச்சோர்வும் படிப்பை எப்படிப் பாதிக்கின்றன என்பது தலைப்பு. ஆறு விடுதிகள், 8 முதல் 11ஆம் வகுப்பு வரை 240 மாணவிகள். உடல்நலம், படிப்பு முதல் காதல், உறவு வரை நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள், மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின். மருந்து எதுவும் கொடுக்கப் போவதில்லை. மாவட்ட அலுவலரிடம் அனுமதிக் கடிதம், ஒவ்வொரு வார்டனிடமும் மொத்தமாக ஒரு கையெழுத்து, இவ்வளவு போதும் என்கிறார் கைடு. ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்து அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி எங்கள் கல்லூரியில் கிடையாது. ஜூலையில் களத்துக்குப் போக வேண்டும். போதுமா?

செவ்வந்தி | 3 ஜூன் 2025, இரவு 10:55

போதாது.

மூன்று தனித்தனித் தாள்களை உங்கள் கைடு ஒன்றாக்கிவிட்டார். மாவட்ட அலுவலர் தருவது விடுதிக்குள் நுழைய அனுமதி. அதைக் காட்டி வாசலைத் தாண்டலாம், ஒரு பெண்ணின் விரலைத் தொட முடியாது. பெற்றோர் தருவது ஒப்புதல். மாணவி தருவது அவளுடைய சம்மதம். இந்தப் பட்டியலில் வார்டனுக்கு இடமே இல்லை. சட்டப்படி அவர் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாவலராக நியமிக்கப்படவில்லை. அவர் பொறுப்பில் இருப்பது சாப்பாடும் வருகைப் பதிவேடும்.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 தேசிய நெறிமுறை வயதை இப்படிப் பிரிக்கிறது: ஏழு வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் மட்டும். ஏழு முதல் பன்னிரண்டு வரை பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் வாய்மொழிச் சம்மதம். பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டு வரை எழுத்துச் சம்மதம். உங்கள் மாணவிகள் எல்லோரும் கடைசி வகை. அப்பா சரி என்று கையெழுத்துப் போட்டு, மகள் வேண்டாம் என்றால், வேண்டாம் தான்.

இன்னொன்று. "மருந்து கொடுக்கவில்லை, அதனால் ஆபத்தில்லை" என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் ஆய்வில் ஊசி மிகச் சின்ன விஷயம். கேள்வித்தாளில்தான் ஆபத்து இருக்கிறது.

செவ்வந்தி | 4 ஜூன் 2025, காலை 6:20

வார்டன் கையெழுத்து விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் கம்மம்.

2009 ஜூலையில் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாளையம் ஆகிய மூன்று மண்டலங்களில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 14,000 பேருக்கு, கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐசிஎம்ஆர், மாநில அரசு மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. அதில் பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர், விடுதிகளில் தங்கிப் படிப்பவர்கள். ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் தன் 72ஆவது அறிக்கையில் அந்தத் தாள்களைப் பற்றி எழுதியது. ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டது விடுதி வார்டன் அல்லது தலைமையாசிரியர். கால்வாசிக்கும் மேல். பெற்றோர் எங்கோ காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்க, மகளுக்கு ஊசி போடலாம் என்று வேறொருவர் முடிவெடுத்திருக்கிறார்.

உங்கள் கைடு சொல்லும் "மொத்தமாக ஒரு கையெழுத்து" இதே வழிதான்.

கரிசல் | 4 ஜூன் 2025, காலை 8:05

இரண்டு சேர்க்கைகள். கம்மம் மட்டும் இல்லை, குஜராத்தில் வடோதராவிலும் 2009 ஆகஸ்டில் அதே திட்டம் நடந்தது. ஏழு சாவில் ஐந்து ஆந்திரா, இரண்டு குஜராத்.

அந்தச் சாவுகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருந்ததாக விசாரணைக் குழு சொல்லவில்லை. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது என்று காரணங்கள் இருந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் தடுப்பூசியைத் தப்பாக நினைப்பார்கள். எச்பிவி தடுப்பூசி கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் நல்ல தடுப்பூசி.

செவ்வந்தி | 4 ஜூன் 2025, காலை 8:40

சரியான சேர்க்கை, நன்றி. என் வாதமும் அதனால் பலப்படத்தான் செய்கிறது. தடுப்பூசி நல்லது, சாவுக்குக் காரணம் வேறு, இருந்தும் ஒப்புதல் வாங்கிய விதம் தப்பு. ஒப்புதல் ஒழுங்காக இல்லாததால் நல்ல தடுப்பூசி மீதே சந்தேகம் விழுந்து, அது பல வருடம் நீடித்தது. தங்கள் ஆய்வின் முடிவு நல்லதாக இருந்துவிட்டால் பாதையை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வைகைக்கரை | 4 ஜூன் 2025, மதியம் 1:15

புரிகிறது மேடம். ஆனால் நடைமுறையில்? பாதிப் பெற்றோர் செங்கல் சூளையிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இருக்கிறார்கள். 240 பேரை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? வெளிநாடுகளில் "விருப்பமில்லை என்றால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்" என்று கடிதம் கொடுப்பார்களாமே, அது இங்கே செல்லுமா?

செவ்வந்தி | 4 ஜூன் 2025, இரவு 9:30

பதில் வராத கடிதம் சம்மதம் ஆகாது. படிக்கத் தெரியாத ஒரு தாயின் கைக்கே போய்ச் சேராத கடிதத்தை "அவர் மறுக்கவில்லை" என்று எப்படி எழுதுவீர்கள்? ரத்தமும் மனநலமும் சம்பந்தப்பட்ட இந்த ஆய்வுக்கு எந்தக் கமிட்டியும் அதை ஏற்காது.

பெற்றோர் விடுதிக்கு வரும் நாட்களைப் பிடியுங்கள். பள்ளி திறந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் வாரம், மாதாந்திரப் பார்வை நாள், காலாண்டு விடுமுறைக்கு அழைத்துப் போகும் நாள். விடுதி வாசலில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம். ஒரு நாளில் ஒரு ஆள் இருபது பேருக்கு மேல் ஒழுங்காகப் பேச முடியாது. அதற்கு மேல் போனால் வாய் தானாக ஒப்பிக்க ஆரம்பித்துவிடும்.

கைநாட்டு வைப்பவர் என்றால் நடுநிலைச் சாட்சி வேண்டும். அவர் உங்கள் ஆய்வுக் குழுவிலும் இருக்கக் கூடாது, விடுதி ஊழியராகவும் இருக்கக் கூடாது. நீங்கள் வாசித்துக் காட்டுவதை ஆரம்பம் முதல் கடைசி வரை கேட்டவராக இருக்க வேண்டும். கூட வந்த வேறொரு மாணவியின் படித்த அண்ணன், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் என்று யாராவது கிடைப்பார்கள். சாட்சி பெயர், கையெழுத்து, தேதி. தேதி அவர் கையாலேயே. வேலை முடிந்தபின் ஒரே பேனாவில் இருபது சாட்சிக் கையெழுத்து வாங்கிய கட்டு, பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு: தாளை மாணவி மூலமோ தபாலிலோ அனுப்பி, பிறகு போனில் முழுவதும் விளக்கி, சாட்சியையும் அந்த அழைப்பில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை முன்கூட்டியே கமிட்டியிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

இவ்வளவு செய்தும் எல்லோரும் கிடைக்க மாட்டார்கள். கிடைக்காதவர்கள் ஆய்வில் இல்லை, அவ்வளவுதான். 240 கட்டாயம் தேவை என்றால் அதிகமான விடுதிகளில் கேளுங்கள். எண்ணிக்கை குறைகிறது என்பது ஒப்புதலைச் சுருக்கக் காரணம் ஆகாது.

செவ்வந்தி | 5 ஜூன் 2025, காலை 7:00

நேற்று விட்டது. மாணவியிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? அச்சடித்த தாளை நீட்டி "படிச்சிட்டு கையெழுத்துப் போடும்மா" என்றால் எல்லாப் பிள்ளையும் போடும். விடுதியில் பெரியவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். வாயால் சொல்லுங்கள், இந்த மாதிரி:

"நான் காலேஜ்ல ஆராய்ச்சி பண்றேன். உங்க டீச்சரும் இல்ல, ஆபீசரும் இல்ல. ரெண்டு விஷயம் கேட்கத்தான் வந்தேன். ஒண்ணு, சில கேள்வி. உடம்பு, தூக்கம், மனசு, படிப்பு பத்தி. அரை மணி நேரம் ஆகும். சில கேள்வி கஷ்டமா இருக்கலாம், அதுக்குப் பதில் சொல்லாம அடுத்ததுக்குப் போயிடலாம். ரெண்டாவது, விரல்ல ஒரு குத்து. எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும். ஒண்ணுக்கு சரின்னு சொல்லிட்டு இன்னொண்ணு வேணாம்னு சொல்லலாம். ரெண்டுமே வேணாம்னும் சொல்லலாம். வேணாம்னு சொன்னா மார்க்கும் குறையாது, சாப்பாடும் குறையாது, வார்டன் அக்காகிட்ட நான் சொல்லவும் மாட்டேன்."

பிறகு நிறுத்தி, "நான் என்ன கேட்டேன்னு உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். அவள் "ரத்தம் டெஸ்ட் பண்ணி மாத்திரை குடுப்பீங்க" என்றால் அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள். "வேணாம்னா என்ன ஆகும்?" என்று தனியாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் வராமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

கேள்வித்தாளுக்கும் ரத்தத்துக்கும் சம்மதத் தாளில் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

மருதம் | 5 ஜூன் 2025, மாலை 6:45

ரத்தப் பகுதிக்கு நான் சொல்கிறேன், சமூக மருத்துவத் துறையில் இருக்கிறேன்.

குத்துவது யார்? சமூகப்பணி மாணவி குத்தக் கூடாது. பயிற்சி பெற்ற செவிலியர் அல்லது லேப் டெக்னீஷியன். நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில் பக்கவாட்டில். ஸ்பிரிட் காய்ந்தபின் குத்த வேண்டும், ஈரத்தோடு குத்தினால் எரியும், அளவும் கெடும். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கணும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரீடிங் தவறும். கைகளை முதலில் வெதுவெதுப்பாகத் தேய்க்கச் சொன்னாலே போதும். க்யூவெட் (ரத்தச் சொட்டை எடுத்து மீட்டரில் வைக்கும் சின்னத் தகடு) டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள், எடுத்ததும் உடனே மூடுங்கள். ஈரக் காற்று பட்ட க்யூவெட் பொய் சொல்லும்.

லான்செட் (விரலில் குத்தும் சின்ன ஊசி) ஒருவருக்கு ஒன்று, வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில் போகும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். 2016 மருத்துவக் கழிவு விதி அப்படி. விடுதிக் குப்பைத்தொட்டியில் ஒரு லான்செட் கூட விழக் கூடாது, அதைக் கூட்டி அள்ளுவது இன்னொரு பெண். எந்த ஆரம்ப சுகாதார நிலையம் கழிவை வாங்கிக்கொள்ளும் என்று முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இனிதான் முக்கியம். இந்த வயதுப் பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே கடுமையானது. ஒரு பிள்ளைக்கு 6.9 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? அட்டவணையில் எழுதிக்கொண்டு போய்விடுவீர்களா? 8-க்குக் கீழே இருப்பவர்களை அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு, யார் கூடப் போவது, பெற்றோருக்கு யார் சொல்வது, வண்டிச் செலவு யாருடையது, எல்லாம் ப்ரொபோசலிலேயே இருக்க வேண்டும். 8-லிருந்து 11.9 வரை இருப்பவர்களுக்கும் மருத்துவரைப் பார்க்கும் சீட்டு. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும்தான் இருக்கின்றன. அது தடுப்பதற்கான அளவு. இருக்கும் ரத்தசோகையைக் குணமாக்க அது போதாது. "பள்ளியில்தான் மாத்திரை தருகிறார்களே" என்று எழுதித் தப்பிக்க முடியாது.

ரீடிங்கை வரிசையில் நிற்கும் மற்றவர்கள் முன் சத்தமாகச் சொல்லாதீர்கள். ஒரு சிறிய சீட்டில் எழுதி மடித்து அவள் கையில்.

செவ்வந்தி | 5 ஜூன் 2025, இரவு 10:10

மருதம் சொன்ன அதே கேள்வி மனச்சோர்வுத் தாளுக்கும் உண்டு, அங்கே இன்னும் கூர்மையாக.

முதலில், 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களுக்கான பிஎச்க்யூ-9 வேண்டாம். வளரிளம் வயதுக்கு மாற்றியமைத்த பிஎச்க்யூ-ஏ இருக்கிறது.

எதை எடுத்தாலும் ஒன்பதாவது கேள்வி ஒன்றுதான்: செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா? 0, 1, 2, 3 என்று நான்கு கட்டம். ஆய்வாளர்கள் செய்வது: தாள்களைக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், மூன்று மாதம் கழித்து எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றும்போதுதான் அந்தக் கேள்விக்கு 3 போட்டவர்களைப் பார்ப்பார்கள். அந்த மூன்று மாதம் அந்தப் பெண் எப்படி இருந்தாள்?

அதனால் விதி இது. தாளை வாங்கும் அந்த நிமிடமே ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். 0 தவிர எது இருந்தாலும், அவள் அந்த அறையை விட்டுப் போகும் முன், பயிற்சி பெற்ற ஆலோசகர் தனியாகப் பேச வேண்டும். அந்த ஆலோசகர் அன்று விடுதியில் உடல் ரீதியாக இருக்க வேண்டும், போன் நம்பராக மட்டும் இருந்தால் போதாது. மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவருக்கு முன்பே தகவல். எல்லோருக்கும், அதாவது 0 போட்டவர்களுக்கும், மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, சுகாதார உதவி எண் 104, சைல்ட்லைன் 1098 மூன்றும் அச்சடித்த சீட்டு. எல்லோருக்கும் கொடுப்பது ஏன் என்றால், சிலருக்கு மட்டும் கொடுத்தால் யார் என்ன எழுதினார்கள் என்று விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். ஆலோசகர் கூப்பிடுவதும் அப்படித்தான். எல்லோரையும் இரண்டு நிமிடம் கூப்பிட்டுப் பேசட்டும், சிலரிடம் இருபது நிமிடம் ஆகட்டும்.

இந்த ஏற்பாடு முடியாது என்றால் ஒன்பதாவது கேள்வியை வைக்காதீர்கள். பதில் தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல்.

கரிசல் | 6 ஜூன் 2025, காலை 11:20

கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் "நீங்கள் சொல்வது எதுவும் யாரிடமும் சொல்லப்பட மாட்டாது" என்று எழுதியிருப்பீர்களே? அதை அடித்துவிடுங்கள். அது பொய் வாக்குறுதி.

போக்சோ சட்டம் 2012, பிரிவு 19. 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும். "எவரும்" என்பதில் ஆய்வாளரும் அடக்கம். சொல்லாவிட்டால் பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு பிள்ளை உங்களை நம்பி வாயைத் திறந்த பிறகு "இதை நான் போலீசில் சொல்லணும்" என்றால் அவள் உங்களையும் இழந்துவிடுவாள்.

வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "நீ சொல்வதை நான் ரகசியமாக வைப்பேன். ஆனால் யாராவது உன்னைத் தப்பாகத் தொட்டதாகச் சொன்னாலோ, உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்தாலோ, உனக்கு உதவக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும். சொல்லும் முன் உன்னிடம் சொல்வேன்." கேள்வி ஆரம்பிக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

செவ்வந்தி | 6 ஜூன் 2025, இரவு 9:50

கரிசல் சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி. ஆனால் இதில் எனக்கு ஒரு கனமான சங்கடம் உண்டு, அதைத் திறந்தே வைக்கிறேன். பதினேழு வயதுப் பெண் தான் விரும்பும் பையனைப் பற்றிச் சொன்னாலும், அது உடலுறவு வரை போயிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது குற்றம். நீங்கள் புகார் செய்தால் பையன் சிறைக்குப் போவான், பெண்ணின் படிப்பு அநேகமாக அன்றோடு முடியும். செய்யாவிட்டால் நீங்கள் குற்றவாளி. பாதுகாக்க எழுதிய சட்டம், நீங்கள் உதவ வந்த பெண்ணையே உடைக்கும் இடம் இது. இதற்கு ஆய்வாளர் கையில் நல்ல வழி இல்லை.

கையில் இருப்பது கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும். உங்கள் தலைப்பு ரத்தசோகையும் மனச்சோர்வும். காதல், உறவு பற்றிய கேள்விகள் அந்த நாற்பதில் ஏன் இருக்கின்றன? வேறொரு ஆய்வின் தாளிலிருந்து அப்படியே எடுத்ததாக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் "இது எந்த அட்டவணைக்குப் போகும்" என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை நீக்குங்கள். 40 எப்படியும் 25 ஆகும்.

வைகைக்கரை | 7 ஜூன் 2025, காலை 10:00

எழுதிப் பார்த்தேன், 23 வந்தது. உறவு பற்றிய ஆறும் போய்விட்டன. ஒன்பதாவது கேள்வியை வைத்துக்கொள்கிறேன், ஆலோசகர் ஒருவர் வரச் சம்மதித்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்கலாமா? வெறும் கையோடு போக மனசு வரவில்லை.

செவ்வந்தி | 7 ஜூன் 2025, மதியம் 2:30

கொடுங்கள். ஒரு நோட்டு, பேனா. சம்மதித்தவர், மறுத்தவர், பாதியில் எழுந்து போனவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி, கேள்வித்தாளைக் காட்டுவதற்கு முன்பே. பிற்பாடு கொடுத்தால் அது கூலி ஆகிவிடும், "வேண்டாம்" என்பதற்கு ஒரு விலை வந்துவிடும்.

பெற்றோர் ஒப்புதலுக்காக வேலையை விட்டு வந்தால் பஸ் செலவும் போன கூலியும் கொடுக்க வேண்டும். 100 நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்த அளவை வைத்துக் கணக்கிட்டால் கமிட்டியும் கேள்வி கேட்காது. வேலை இழந்ததற்கு ஈடு கட்டுவது நியாயம். ஆசை காட்டி இழுக்கும் அளவுக்குப் போனால்தான் தப்பு.

தென்னந்தோப்பு | 8 ஜூன் 2025, இரவு 8:15

கமிட்டி இல்லை என்றாரே, அதை யாரும் தொடவில்லை. 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் கமிட்டியிடம் மட்டும்தான் போக முடியும் என்று படித்தேன்.

செவ்வந்தி | 8 ஜூன் 2025, இரவு 9:40

அந்த 50 கிலோமீட்டர் 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில் வருவது. புதிய மருந்தைச் சோதிக்கும் இடங்களுக்கு. வைகைக்கரையின் ஆய்வுக்கு அது பொருந்தாது.

இவர் செய்ய வேண்டியது: அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் கமிட்டி, மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்ததா என்று பார்ப்பது. அந்தக் கமிட்டி இவருடைய ஆய்வைப் பார்க்க இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம். கல்லூரி முதல்வர் கையெழுத்து அங்கேதான் உண்மையாகத் தேவைப்படும். மருதம் போன்ற மருத்துவர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

கமிட்டியில் ஏழு முதல் பதினைந்து பேர் இருப்பார்கள், பாதிப் பேராவது வெளியாட்கள், தலைவர் வெளியிலிருந்து. சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல்காரர், படிப்புத் துறை சாராத பொதுமனிதர் என்று இருப்பார்கள். அந்தப் பொதுமனிதர் கேட்கும் கேள்விதான் எப்போதும் சரியாக இருக்கும்: "இதை என் பொண்ணுகிட்ட இப்படிக் கேட்பீங்களா?"

பிள்ளைகள், விடுதி, ரத்தம், மனநலம் மூன்று நான்கு காரணம் இருப்பதால் உங்களுக்கு விலக்கும் கிடையாது, விரைவுப் பரிசீலனையும் கிடையாது, முழுக் கமிட்டி கூட்டம்தான். ஜூலை நடக்காது. களத்தை அக்டோபருக்குத் தள்ளுங்கள். தகவல் சேகரித்துவிட்டுப் பிறகு கமிட்டியின் ஒப்புதல் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முடிந்த வேலைக்குப் பின்தேதியில் ஒப்புதல் கிடையாது, அந்தத் தகவலை எந்த இதழும் வாங்காது. பிள்ளைகளின் ரத்தம் வீணாகப் போகும்.

செவ்வந்தி | 15 ஜூன் 2025, காலை 7:30

தகவல் பாதுகாப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கடைசியில் ஆய்வுகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாணவியின் பெயர் ஒரு நோட்டில், ஆய்வுக்காக அவளுக்கு நீங்கள் தரும் எண் இன்னொரு நோட்டில். பெயரையும் எண்ணையும் சேர்க்கும் பட்டியல் பூட்டிய அலமாரியில், விடைத்தாள்கள் இன்னோர் இடத்தில். இரண்டும் ஒரே பையில் பஸ்ஸில் போகக் கூடாது. விடைத்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் கைடுக்கு அனுப்பாதீர்கள், நிறையப் பேர் செய்வது அதுதான். குழுப் புகைப்படமும் வேண்டாம்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று லத்தான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார். உங்கள் விடுதியில் அதைவிட எளிது. "விடுதி 3, பதினோராம் வகுப்பு, இருளர், தாய் இல்லை, ஹீமோகுளோபின் 7.4" என்று ஒரு வரி போட்டால் அந்த ஊரில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும். வார்டன், ஆசிரியர், அத்தை மகன் எல்லோரும் படிக்கலாம், பத்து வருடம் கழித்தும் படிக்கலாம்.

ஆகவே அட்டவணையில் ஐந்துக்கும் குறைவான ஆட்கள் விழும் கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். விடுதி வாரியாக அட்டவணை வேண்டாம். மேற்கோள்களில் சாதி, வகுப்பு, குடும்ப நிலை மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். மாவட்டப் பெயர் தேவையா என்றும் யோசியுங்கள், "தென் மாவட்டம் ஒன்று" என்பதே பெரும்பாலும் போதும்.

வைகைக்கரை | 9 ஆகஸ்ட் 2025, இரவு 8:00

கமிட்டி நேற்று பார்த்தது. மூன்று கேள்வியோடு திரும்பி வந்திருக்கிறது. (அரசு விடுதிகள் எல்லாம் "சமூகநீதி விடுதி" என்று பெயர் மாறிவிட்டதால் தாள்களிலும் மாற்றச் சொன்னார்கள், அது எளிது.)

சம்மதம் கேட்கும்போது வார்டன் எங்கே இருப்பார்? யார் மறுத்தார்கள் என்று மற்ற மாணவிகளுக்குத் தெரியாமல் இருக்க என்ன வழி? பங்கேற்ற மாணவி பிறகு மனம் மாறினால்?

செவ்வந்தி | 9 ஆகஸ்ட் 2025, இரவு 10:25

நல்ல கமிட்டி. மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்.

வார்டன் பார்வையில் படலாம், காதில் படக் கூடாது. வராந்தாவின் மறுமுனையில் உட்காரட்டும். மாணவி வார்டனுக்கு முதுகு காட்டி உட்காரும்படி நாற்காலியைப் போடுங்கள். அவள் முகத்தில் தெரியும் தயக்கத்தை உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது.

மறுத்தவர் தெரியாமல் இருக்க, எல்லோரும் ஒரே வரிசையில் ஒரே அறைக்குள் வந்து கிட்டத்தட்ட ஒரே நேரம் இருந்து போக வேண்டும். மறுத்தவளுக்கு உள்ளே வண்ணப் படத் தாள் ஒன்று, வரைந்துகொண்டிருக்கட்டும். செவிலியர் எல்லோர் விரலிலும் ஒரு சின்ன பேண்ட்எய்ட் ஒட்டிவிடட்டும், குத்தியவர் குத்தாதவர் இருவருக்கும். வெளியே வந்து கையைக் காட்டச் சொல்லும் தோழிகளுக்கு எதுவும் தெரியாது.

மனம் மாறுவதற்கு ஒரு கடைசித் தேதி எழுதிவிடுங்கள். பெயர்ப் பட்டியலை அழிக்கும் நாள் வரை அவள் தாளைக் கண்டுபிடித்து எடுக்க முடியும், அதன்பின் முடியாது. ஹீமோகுளோபின் குறைந்தவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருப்பதால் களம் முடிந்து மூன்று மாதம் அந்தப் பட்டியல் தேவைப்படும். அதனால் கடைசித் தேதியை அந்த மூன்று மாதத்தின் முடிவில் வையுங்கள். தேதியும், கூப்பிட வேண்டிய உங்கள் எண்ணும், கமிட்டிச் செயலரின் எண்ணும் மாணவி கையில் இருக்கும் பிரதியில் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் அந்தப் பிரதியை வார்டன் பார்த்தாலும் பிரச்சினை வராதபடி, தலைப்பில் "மனச்சோர்வு" என்ற சொல் வேண்டாம், "மாணவியர் உடல்நலமும் படிப்பும்" என்று போடுங்கள். தாளின் உள்ளே மனநலக் கேள்விகள் உண்டு என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

வைகைக்கரை | 10 ஆகஸ்ட் 2025, காலை 6:50

பேண்ட்எய்ட் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துவிட்டேன். திருத்திய தாள்களைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

மருதம் | 10 ஆகஸ்ட் 2025, காலை 9:15

சிலருக்குப் பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும். ஒட்டும் முன் கேட்டுவிடுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு ஒட்டும் பசை இல்லாத காஸ் துணி. அதையும் பட்ஜெட்டில் போடுங்கள்.